முகிலன் என்றொரு பைலட்: 1999 மே 28 அன்று டோலோலிங் மலைக்கு மேலே நடந்தது என்ன?

சூலூர், கண்ணம்பாளையம், பல்லடம் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பழக்கம். மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது தூரத்தில் தடதடவென்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். பருத்த வயிறும் நீண்ட வாலுமாக ஒரு பெரிய ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும். குழந்தைகள் கை ஆட்டுவார்கள். பெரியவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த ஹெலிகாப்டர்தான் எம்.ஐ.-17. ரஷ்யத் தயாரிப்பு. 2018-ல் குரங்கணி காட்டுத் தீயில் சிக்கியவர்களை மீட்கப் போனபோதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் உணவுப் பொட்டலம் போட்டபோதும் சூலூரிலிருந்து கிளம்பியவற்றில் இந்த வகையும் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பி, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து நொறுங்கியதும் இதே குடும்பத்தின் புதிய மாடலான எம்.ஐ.-17 வி5தான். அந்தப் புகை மூட்டத்தை நாம எல்லாரும் செல்போனில் பார்த்தோம்.

அதற்கு இருபத்தியிரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே வகை ஹெலிகாப்டரின் பழைய மாடல் ஒன்று இமயமலையில் போர்முனையில் சுட்டு வீழ்த்தப்பட்டது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயர், ஃபிளைட் லெப்டினன்ட் சுப்பிரமணியம் முகிலன்.

முகில் என்றால் மேகம். மேகத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் விமானப்படையில் சேர்ந்தார் என்பதே ஒரு கதை மாதிரி இருக்கிறது. ஆனால் கார்கில் போர் என்றதும் நமக்கு ஞாபகம் வரும் பெயர்களில் இந்தப் பெயர் சட்டென்று வருவதில்லை. ஒவ்வொரு ஜூலை 26-லும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சுற்றும் படங்களிலும் பெரும்பாலும் இவர் இருக்க மாட்டார்.

ஏன் அப்படி? அதற்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிய வேண்டும்.

ஹெலிகாப்டர் பைலட் என்றால் யார்?

ஃபிளைட் லெப்டினன்ட் என்பது தரைப்படையில் கேப்டன் பதவிக்குச் சமம். பொதுவாக இருபதுகளின் நடுவிலோ கடைசியிலோ இருக்கும் இளைஞர்கள் இந்தத் தரத்தில் இருப்பார்கள். இன்றைக்கு நம்மில் பலர் முதல் கம்பெனியிலிருந்து இரண்டாவது கம்பெனிக்குத் தாவும் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானப்படையில் பறக்கத் தேர்வாகிறவர்கள் எல்லோருக்கும் ஆரம்பப் பயிற்சி ஒன்றுதான். ஹைதராபாத் அருகே துண்டிக்கல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் அது நடக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பாதை மூன்றாகப் பிரியும்: போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர். சினிமாவும் விளம்பரமும் முதல் பாதையைத்தான் கொண்டாடும். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' படத்தின் நாயகன்கூட கார்கில் போரில் எதிரியிடம் பிடிபடும் போர் விமான பைலட்தான். கார்கிலில் நிஜமாகவே அப்படிப் பிடிபட்ட பைலட் ஒருவர் இருந்தார், அவரைப் பற்றி பின்னால் வருகிறேன்.

ஹெலிகாப்டர் பைலட்டின் வேலை வேறு மாதிரி. சியாச்சின் பனியில் இருக்கும் வீரர்களுக்கு மண்ணெண்ணெயும் அரிசியும் கொண்டு போவது, காயம்பட்டவனைத் தூக்கி வருவது, பாலம் அடித்துப்போன கிராமத்துக்கு மருந்து கொண்டு போவது. பெரும்பாலும் யாரையோ காப்பாற்றும் வேலை. போர் வந்தால் அதே ஹெலிகாப்டரின் இரண்டு பக்கமும் ராக்கெட் குழாய்களை மாட்டி, போய்த் தாக்கிவிட்டு வா என்பார்கள். எம்.ஐ.-17 அடிப்படையில் ஆள், சரக்கு ஏற்றும் வண்டி. தாக்குதலுக்கென்றே பிறந்தது அல்ல. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், லோடு ஏற்றுகிற லாரியைக் கவச வண்டியாக்கி அனுப்புகிற மாதிரி.

முகிலன் இருந்தது 152-வது ஹெலிகாப்டர் பிரிவில். உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூர் மாவட்டத்தில் உள்ள சர்சாவா விமானப்படைத் தளம்தான் அந்தப் பிரிவின் தாய்வீடு. 'மைட்டி ஆர்மர்' என்பது அதன் பட்டப்பெயர். 1999 மே மாதக் கடைசியில் அந்தப் பிரிவின் ஹெலிகாப்டர்கள் காஷ்மீரில் இருந்தன.

மலை உச்சியில் உட்கார்ந்திருந்தது யார்?

கார்கில், திராஸ் பகுதியின் உயரமான காவல் நிலைகளைக் குளிர்காலத்தில் காலி செய்துவிட்டு, பனி உருகியதும் திரும்பிப் போவது இரு நாட்டு ராணுவங்களுக்கும் வழக்கமாக இருந்தது. 1998-99 குளிர்காலத்தில் பாகிஸ்தான் ராணுவம் அந்த வழக்கத்தை மீறியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, காலியாக இருந்த உச்சிகளில் பதுங்கு குழிகள் அமைத்து உட்கார்ந்துகொண்டது. மே மாதத் தொடக்கத்தில் உள்ளூர் மேய்ப்பர்கள் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. முதலில் ஏதோ சில ஊடுருவல்காரர்கள் என்று நினைத்தார்கள். பார்க்கப் போன ரோந்துக் குழுக்கள் திரும்பவில்லை. அதன் பிறகுதான் எதிரே இருப்பது முழு ராணுவம் என்பது புரிய ஆரம்பித்தது.

அந்த உச்சிகளில் ஒன்றுதான் டோலோலிங். கீழே திராஸ் ஊர். ஊரை ஒட்டி ஸ்ரீநகரையும் லேவையும் இணைக்கும் நெடுஞ்சாலை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு லாரியும் தெரியும். பீரங்கிக் குண்டை எங்கே போட வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னால் போதும். லடாக்குக்குப் போகும் உயிர்நாடியே அவன் கைப்பிடியில்.

உயரம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். திராஸ் ஊரே அதைவிட உயரம், 3,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் டோலோலிங் பகுதி. அங்கே ராணுவ வரைபடங்களில் உச்சிகளுக்குப் பெயருக்குப் பதில் எண்கள்தான் இருக்கும்: பாயின்ட் 4590, பாயின்ட் 5140 என்று. அந்த எண்கள் மீட்டர் கணக்கில் அந்தந்த உச்சியின் உயரம். அதாவது தொட்டபெட்டா மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்தால் கிட்டத்தட்ட வரும் உயரம்.

அந்தச் சரிவில், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத பாறையில், 18 கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் வீரர்கள் மேலே ஏற முயன்று ஏற முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து இயந்திரத் துப்பாக்கி. பகலில் தலை தூக்க முடியாது.

ஹெலிகாப்டர் வேண்டுமா, வேண்டாமா?

தரைப்படை, மே இரண்டாவது வாரத்திலேயே ஹெலிகாப்டர் உதவி கேட்டது. விமானப்படை தயங்கியது. இந்த விவாதம் இன்றைக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் நடுவே காரசாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விமானப்படையின் வாதம் இரண்டு. ஒன்று, வானிலிருந்து தாக்குவது என்பது போரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போவது. அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இரண்டு, அந்த உயரத்தில் ஆயுத ஹெலிகாப்டர்கள் சுலபமான இலக்கு. நம்மிடம் இருந்த நிஜமான தாக்குதல் ஹெலிகாப்டர்களான எம்.ஐ.-25, எம்.ஐ.-35 ரகங்கள் அவ்வளவு உயரத்தில் வேலைக்கு ஆகாது. மிச்சம் இருந்தது எம்.ஐ.-17 மட்டும்தான்.

தரைப்படையின் பக்கமும் நியாயம் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் தினமும் மலைச் சரிவில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மே 25 அன்று மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு விமானப்படையைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: எந்தக் காரணத்துக்காகவும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது. இதனால் எந்தத் திசையிலிருந்து வந்து தாக்கலாம் என்ற சுதந்திரம் பைலட்டுகளுக்குச் சுருங்கிவிட்டது. மறுநாள், மே 26 புதன்கிழமை காலை 'ஆபரேஷன் சஃபேத் சாகர்' தொடங்கியது. வெள்ளைக் கடல் என்று அர்த்தம். பனிமலைகளுக்கு வைத்த பெயர்.

காற்றே இல்லாத இடத்தில் பறப்பது எப்படி?

இங்கே கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, சுருக்கமாகத்தான்.

ஹெலிகாப்டரின் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுவதால்தான் அது மேலே நிற்கிறது. 15,000 அடிக்கு மேல் போனால் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். தள்ளுவதற்குக் காற்று குறைவு. இன்ஜினுக்கு மூச்சு விடவும் காற்று குறைவு. அதனால் எடையைக் குறைக்க வேண்டும். ராக்கெட் அதிகம் ஏற்றினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், எரிபொருள் அதிகம் வேண்டுமென்றால் ராக்கெட்டைக் குறைக்க வேண்டும். கவசத் தகடு, கூடுதல் கருவி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அந்த உயரத்தில் ஆயுதச் சுமையோடு ஓர் இடத்தில் அந்தரத்தில் நின்று குறி பார்த்துச் சுடுவதெல்லாம் நடக்காது. நேராக வேகமாக இலக்கை நோக்கிப் போக வேண்டும், ராக்கெட்டுகளை விட வேண்டும், உடனே திரும்ப வேண்டும். எம்.ஐ.-17 மாதிரிப் பெரிய உருவம் திரும்பும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்தின் உச்சம். அப்போது அதன் வேகம் குறையும், வயிறும் சூடான இன்ஜினும் எதிரிக்கு நேராகத் தெரியும்.

எதிரியின் கையில் என்ன இருந்தது? ஸ்டிங்கர். தோளில் வைத்துச் சுடும் அமெரிக்க ஏவுகணை. எண்பதுகளில் ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்த அமெரிக்கா முஜாஹிதீன்களுக்குக் கொடுத்துப் பெயர் வாங்கிய அதே ஆயுதம். இன்ஜினின் சூட்டை மோப்பம் பிடித்துத் துரத்தும். சமவெளியில் நின்று சுட்டால் வானத்தில் ஒரு எல்லை வரைதான் போகும். மலை உச்சியில் நின்று சுடுபவனுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஹெலிகாப்டர் அவன் கண் மட்டத்தில் வருகிறது. சில சமயம் அவனுக்குக் கீழேகூட.

இதற்கு ஒரே மருந்து ஃபிளேர். ஹெலிகாப்டரிலிருந்து பொறி பொறியாகச் சிதறும் தீப்பந்துகள். அவற்றின் சூட்டைப் பார்த்து ஏவுகணை ஏமாந்து வேறு பக்கம் போய்விடும். சுதந்திர தின, விமானப்படை தினச் சாகசங்களில் பார்த்திருப்பீர்கள். நாம கை தட்டுவதற்காக விடுகிற மாதிரி தெரியும், உண்மையில் அது உயிர்க் கவசம்.

இரண்டே நாளில் மூன்று

மே 21-ம் தேதியே ஓர் எச்சரிக்கை வந்தது. படம் எடுக்கப் போன கான்பெரா உளவு விமானத்தை ஏவுகணை தாக்கியது. பைலட் சாமர்த்தியமாக ஸ்ரீநகரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மேலே ஏவுகணை இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மே 27-ல் அடி விழுந்தது. மிக்-27 போர் விமானத்தின் இன்ஜின் அணைந்துபோய், ஃபிளைட் லெப்டினன்ட் நசிகேதா பாராசூட்டில் குதித்தார். பாகிஸ்தான் ராணுவத்திடம் சிக்கினார். முன்னால் சொன்னேனே, அந்தப் பைலட் இவர்தான். அவர் விழுந்த இடத்தைத் தேடிப்போன ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21 ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அஹுஜா உயிரோடு திரும்பவில்லை.

மறுநாள் மே 28, வெள்ளிக்கிழமை. டோலோலிங் பகுதியில் இருந்த எதிரி நிலைகளைத் தாக்க எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் அணி ஒன்று கிளம்பியது. அந்த அணிக்கு வைத்த அழைப்புப் பெயர் 'நுப்ரா'. லடாக்கில் ஓடும் நதியின், பள்ளத்தாக்கின் பெயர். முந்தின நாள் இரண்டு விமானங்கள் போயிருந்தன என்பது அணியில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஏறினார்கள்.

அதில் ஒரு ஹெலிகாப்டரில் நான்கு பேர். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு. நான்கு பேரில் மூத்த அதிகாரி புண்டீர். முகிலன் அவருடைய சக பைலட். எம்.ஐ.-17-ல் பைலட்டுகளுக்குப் பின்னால் இன்ஜின் அளவுகளைக் கவனிப்பவர், துப்பாக்கியைக் கையாள்பவர் என்று விமானப் பணியாளர்கள் இருப்பார்கள். சார்ஜென்ட் தரத்தில் உள்ளவர்கள் செய்யும் வேலை அது. ஹெலிகாப்டர் சண்டையில் தனி ஹீரோ கிடையாது. நாலு பேரும் சேர்ந்துதான் ஒரு வண்டி.

சக பைலட் என்றால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் இலக்கை நோக்கி ஓட்டும்போது இன்னொருவர் உயரம், வேகம், இன்ஜின் சூடு, ரேடியோ, அணியில் மற்றவர்கள் எங்கே என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுபவருக்குக் குண்டடி பட்டால் அடுத்த நொடி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டியவரும் அவர்தான்.

அணி இலக்கை அடைந்தது. ராக்கெட்டுகள் எதிரி நிலைகள் மீது பாய்ந்தன. தாக்குதலை முடித்துத் திரும்பும்போது, அந்தச் சில நொடிகளில், ஸ்டிங்கர் ஏவுகணை முகிலனின் ஹெலிகாப்டரைத் தாக்கியது. நான்கு பேரும் இறந்தார்கள்.

ஃபிளேர் இல்லாத ஹெலிகாப்டர்

பின்னாளில் இந்தப் போரின் வான்வழிப் பகுதியை ஆராய்ந்து எழுதியவர்கள் ஒரு விவரத்தைக் குறிப்பிடுகிறார்கள். அன்றைக்குப் போன அணியில், வீழ்த்தப்பட்ட அந்த ஹெலிகாப்டரில் மட்டும் ஃபிளேர் விடும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது கோபம் வருவது இயற்கை. எனக்கும் வந்தது. கருவி இல்லாத வண்டியை ஏன் அனுப்பினார்கள்? அவர்கள் ஏன் போனார்கள்?

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் வேறு படம் தெரிகிறது. கீழே சரிவில் வீரர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாக்குதலின் பலமே அணியாகப் போவதில்தான் இருக்கிறது. ஒரு ஹெலிகாப்டர் குறைந்தால் அத்தனை ராக்கெட்டும் குறையும். எல்லா ஹெலிகாப்டரிலும் எல்லாக் கருவியும் இருக்கும் ராணுவம் அன்றைக்கு நம்மிடம் இல்லை. திடீரென்று வந்த போர் அது. அந்தக் குறைக்கான பொறுப்பு காக்பிட்டில் உட்கார்ந்திருந்தவர்களுடையது அல்ல, பல ஆண்டுகள் கோப்புகளில் தள்ளிப்போட்டவர்களுடையது. அவர்கள் நான்கு பேரையும் அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று சொல்வது தவறு. வெறும் பலிகடாக்கள் என்று சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபத்தின் அளவு தெரிந்த தொழில்காரர்கள், தங்கள் முறை வந்தபோது போனார்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

அதன் பிறகு என்ன மாறியது?

நிறைய. அந்த நாளோடு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. விமானப்படை தன் முழு யோசனையையும் மாற்றியது. போர் விமானங்கள் இனி தோள் ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்திலிருந்து தாக்கும் என்று முடிவானது. உயரத்திலிருந்து போட்டால் குறி தப்பும், அதற்கு வழி தேட வேண்டியிருந்தது. மிராஜ் 2000 விமானங்கள் களத்துக்கு வந்தன. ஜூன் 17-ல் முன்தோ தாலோவில் இருந்த எதிரியின் பெரிய சரக்குக் கிடங்கு தகர்க்கப்பட்டது. ஜூன் 24-ல் டைகர் ஹில் உச்சியில் லேசர் வழிகாட்டும் குண்டு போடப்பட்டது. கார்கிலில் விமானப்படையின் வெற்றி என்று நாம் டாகுமென்டரிகளில் பார்ப்பதெல்லாம் மே 28-க்குப் பிறகு நடந்தவை.

டோலோலிங்? அது ஜூன் 13 அன்று 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் கைக்கு வந்தது. அதற்குள் 18 கிரனேடியர்ஸ் பல உயிர்களை அந்தச் சரிவில் இழந்திருந்தது. போரின் திருப்புமுனை என்று பலரும் சொல்லும் வெற்றி அது. அடுத்தடுத்து உச்சிகள் விழ ஆரம்பித்தன.

எம்.ஐ.-17-கள் சும்மா இருக்கவில்லை. பழைய வேலைக்குத் திரும்பின. காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது, ஆள், சரக்கு கொண்டு போவது. கார்கில் போரில் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட தடவை ஹெலிகாப்டர்கள் பறந்ததாக விமானப்படைக் கணக்கு சொல்கிறது. அந்த வழியில் உயிர் பிழைத்து ஊர் திரும்பிய பலர் இன்றைக்குத் தாத்தாவாகி இருப்பார்கள்.

இன்னொரு நீண்ட காலப் பலனும் உண்டு. இமயமலை உயரத்தில் ஆயுதத்தோடு பறக்கக்கூடிய தாக்குதல் ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லை என்பதைக் கார்கில் பச்சையாகக் காட்டியது. அந்தக் குறையைத் தீர்க்க எச்.ஏ.எல். நிறுவனம் இலகு ரகப் போர் ஹெலிகாப்டரை உருவாக்க ஆரம்பித்தது. அது விமானப்படையில் 'பிரசண்ட்' என்ற பெயரில் சேர்ந்தது 2022 அக்டோபர் 3-ல்தான். போர் முடிந்து இருபத்திமூன்று ஆண்டுகள் கழித்து! 2025 மார்ச்சில் மேலும் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு 62,700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போடப்பட்டது. டிஃபென்ஸ் பங்குகளைக் கவனிக்கிற நண்பர்களுக்கு இந்த எண் ஞாபகம் இருக்கும். அது எங்கிருந்து ஆரம்பித்தது என்பதுதான் இந்தக் கதை.

ஏன் மறந்தோம்?

மே 27-ல் ஒருவர் சிறைப்பட்டார், ஒருவர் இறந்தார். தொலைக்காட்சியில் நாடே பார்த்த முதல் போர் அது. நசிகேதா எங்கே, எப்போது விடுவார்கள் என்பதே எல்லோர் வாயிலும். ஜூன் 3-ல் அவர் விடுவிக்கப்பட்டபோது நாடு பெருமூச்சு விட்டது. நியாயமான பெருமூச்சுதான். அதற்கு நடுவில் ஒரு ஹெலிகாப்டரும் நான்கு பேரும் என்ற செய்தி சின்னதாகிப்போனது.

நான்கு பேர் சேர்ந்து இறந்தால் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதும் ஒரு காரணம். தனியாளாக உச்சி ஏறியவரின் கதையைச் சொல்வது சுலபம். சக பைலட்டின் கதையைச் சொல்ல முதலில் சக பைலட் என்ன செய்வார் என்று விளக்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அரசு மறக்கவில்லை. நான்கு பேருக்கும் வீரச்செயலுக்கான வாயு சேனா பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அதிகாரிக்கு ஒன்று, சார்ஜென்ட்டுக்கு வேறொன்று என்று பிரிக்காமல் நால்வருக்கும் ஒரே பதக்கம். எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

திராஸில் கார்கில் போர் நினைவிடம் இருக்கிறது. லே பைக் ட்ரிப் போகிறவர்கள் எல்லோரும் நின்று போட்டோ எடுக்கும் இடம். கோவையிலிருந்து புல்லட்டை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகும் நம்ம பசங்களும் போகிறார்கள். நினைவிடத்தில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் பழுப்பாக, மரமே இல்லாமல் எழும்பி நிற்கும் மலைதான் டோலோலிங். அடுத்த முறை போனால் கொடியை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீங்க. அந்த மலையின் மேலே இருக்கும் வானத்தையும் ஒரு நிமிஷம் பாருங்க. ஹெலிகாப்டர் வந்த வழி அது.

2019-ல், இருபது ஆண்டுகள் நிறைந்தபோது, மே 28 அன்று சர்சாவா தளத்தில் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர்கள் ஓர் அணியாகப் பறந்தன. இறந்தவருக்கான இடத்தை அணியில் காலியாக விட்டுப் பறப்பது விமானப்படைகளின் வழக்கம். அன்றைக்கு அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் மேற்கு விமானப்படைப் பிரிவின் அப்போதைய தலைவர் ஏர் மார்ஷல் ரகுநாத் நம்பியார். 1999 ஜூன் 24-ல் மிராஜ் விமானத்திலிருந்து டைகர் ஹில் மீது லேசர் குண்டு போட்டவரும் அவர்தான். ஹெலிகாப்டர்களைத் தாக்குதலிலிருந்து விலக்கிய பிறகு, உயரத்திலிருந்து அடிக்க வந்த பைலட்டுகளில் ஒருவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், போர் விமானத்தை விட்டுவிட்டு, அன்றைக்கு எம்.ஐ.-17-ல் ஏறி, நான்கு பேருக்கான அந்தக் காலி இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்சாவா ஓடுதளத்தின் மேலே பறந்துபோனார்.